நாள் முழுக்க நின்று வீங்கும் கால்களுக்கு நொச்சி வெந்நீர்: எவ்வளவு இலை, எவ்வளவு சூடு, தினமும் வைக்கலாமா?

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு ஒன்பதரைக்குத்தான் இறங்க முடியும், நடுவில் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நிற்பதுதான். வாடிக்கையாளர்கள் மெத்தையில் உட்கார்ந்து புடவை பார்க்கும் பிரிவு என்பதால் நாங்கள் செருப்புப் போடக் கூடாது. தரை கிரானைட், ஏசியில் சில்லென்று இருக்கும். ஆடித் தள்ளுபடி ஆரம்பித்ததிலிருந்து நிலைமை ரொம்ப மோசம். இரவு வீட்டுக்கு வந்து கொலுசைக் கழற்றினால் கொலுசு கிடந்த இடம் வரிவரியாகப் பள்ளம் விழுந்து கிடக்கிறது, அரை மணி நேரம் ஆனாலும் அந்தத் தடம் போவதில்லை. உள்ளங்கால் எரிகிறது, கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிடுகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் சுருக்கென்று குத்தும், பத்து அடி நடந்தால் குறைந்துவிடும்.

முதலில் மருந்துக்கடையில் கால் ஊறவைக்கும் உப்பு என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். நல்ல மணம், ஆனால் நாலு நாளில் பாதமெல்லாம் வெள்ளையாகப் பூத்து வறண்டு போய்விட்டது. அப்புறம் பக்கத்து வீட்டு ஆச்சி வாய்க்கால் கரையில் நிற்கும் நொச்சியைக் காட்டி, இதை ஒடித்துப் போட்டுக் கொதிக்க வைத்து அதில் காலை வை என்றார். போன ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு வந்த தூக்கம் இந்த ஒரு மாதத்தில் வந்ததில்லை, அதனால்தான் இதைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கே கேட்கிறேன்.

எத்தனை பிடி இலை போட வேண்டும்? வேப்பிலை, மஞ்சள் சேர்க்கலாமா? கல்லுப்பு, இந்துப்பு, எப்சம் சால்ட் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எது? தினமும் வைக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்கு 58 வயது, பதினோரு வருடமாகச் சர்க்கரை. அவளுக்கும் கால் மரத்துப்போகிறது, பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். அன்றைக்கு நான் சூடு தாங்காமல் விரலை விடுவதும் எடுப்பதுமாக இருந்தேன், அம்மா வந்து இரண்டு காலையும் உள்ளே வைத்துவிட்டு, "இது என்னடி, சூடே இல்லை" என்றாள். அவளுக்கும் சேர்த்தே தயாரித்துவிடலாமா, இல்லை அவளுக்கு வேறு இலை ஏதும் உண்டா?


வேலியோரம்:

மகளே, நொச்சியைப் பிடித்தாய், சரியான இலையைத்தான் பிடித்திருக்கிறாய். நாங்கள் மணப்பாறைப் பக்கம், நடவுக்கும் களைக்கும் போய் நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர்கள். எங்கள் வீட்டில் நெல் குதிருக்குள் பூச்சி வராமல் போடுவதும் நொச்சி, மழைக்காலத்தில் கொசுவுக்கு மூட்டம் போடுவதும் நொச்சி, சளிக்கு ஆவி பிடிப்பதும் நொச்சி. பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் வெந்நீரிலும் அதுதான் கிடக்கும்.

முதலில் இலை சரியானதா என்று பார்த்துக்கொள். ஒரு காம்பில் மூன்றோ ஐந்தோ இலை விரல் விரித்த மாதிரி இருக்கும், மேல்பக்கம் பச்சை, திருப்பினால் சாம்பல் பூசின மாதிரி வெளுப்பு. கசக்கினால் மூக்கில் ஏறும் காரமான வாசனை. பூ இளநீலத்தில் கொத்தாக இருக்கும். சாக்கடை ஓரத்தில் நிற்பதையும், பக்கத்து வயலுக்கு மருந்து அடித்த மறுநாளும் ஒடிக்காதே.

உருவின இலை இரண்டு கை நிறைய எடுத்து நாலைந்து தண்ணீரில் அலசிக்கொள், வாய்க்கால் கரையில் நிற்பதில் மண்ணும் எறும்பும் இருக்கும். மூன்று லிட்டர் தண்ணீர் கொதி வந்ததும் இலையைப் போட்டு மூடிவிடு. மூடாமல் கொதிக்க வைத்தால் வாசனையெல்லாம் அடுப்படிக்குத்தான் போகும். பத்து நிமிடம் கொதித்துத் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறியதும் இறக்கி, மூடியபடியே கால் மணி நேரம் விட்டுவிட்டு வடிகட்டு. வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் விளாவிக்கொள். கணுக்கால் முழுகினால் போதும், முழங்கால் வரை வேண்டாம். கல்லுப்பு ஒரு சின்னக் கைப்பிடி.

வேப்பிலை அரிப்பு, சேற்றுப்புண் இருந்தால் சேர், வெறும் அலுப்புக்குத் தேவையில்லை. மஞ்சள் ஒரு சிட்டிகை போடலாம், ஆனால் பிளாஸ்டிக் பேசினும் துண்டும் கறை பிடிக்கும். கால் சுளுக்கி வீங்கினால் நாங்கள் புளிய இலையைத்தான் வேகவைத்து ஒத்தடம் கொடுப்போம், அது வேறு சங்கதி.

குதிகாலுக்கு என் மாமியார் செய்தது: செங்கல்லை அடுப்பில் காய வைத்து, மேலே பழுத்த எருக்கிலையை வைத்து, குதிகாலை அதன் மேல் வைத்து வைத்து எடுப்பது. எனக்கு இரண்டு தடவை அதில் வலி விட்டது. அம்மாவுக்கும் மரத்துப்போவதற்கு இதைச் செய்து பாரேன், உணர்ச்சி திரும்பும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.


நாற்சந்தி:

நான் போக்குவரத்துக் காவலில் இருக்கிறேன், பதினான்கு வருட நிற்பு. நீங்கள் கேட்டதில் எனக்குப் பட்ட இரண்டு விஷயத்தைச் சொல்கிறேன், இரண்டையும் நான் தெரியாமல் செய்து அவதிப்பட்டேன்.

ஒன்று, ஈரம். ஷூவுக்குள் பன்னிரண்டு மணி நேரம் வேர்த்த காலை வீட்டுக்கு வந்து மறுபடி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். இரண்டு மாதத்தில் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் வெந்த மாதிரி வெளுத்து, உரிந்து, அரிப்பு தாங்க முடியவில்லை. சேற்றுப்புண். சேற்றில் இறங்காதவனுக்கு எப்படிச் சேற்றுப்புண் என்று நினைத்தேன், ஈரம் நின்றாலே போதுமாம், காளான் வகைக் கிருமி பிடித்துக்கொள்கிறது. இப்போது பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு விரல் இடுக்கிலும் துணியை நுழைத்து இழுத்து, காய்ந்த பிறகுதான் எண்ணெய். எண்ணெயும் குதிகாலுக்கும் பாதத்துக்கும் மட்டும். விரல் இடுக்கில் எண்ணெய் வைத்தால் அங்கேயும் ஈரம் நிற்பது மாதிரிதான்.

இரண்டாவது இன்னும் முக்கியம் சகோதரி. உங்கள் கெண்டைக்காலில், முழங்காலுக்குப் பின்னால், பச்சை நரம்பு புழு மாதிரி சுருண்டு புடைத்து இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது இருந்தது. நான் சூடு சூடாகத் தண்ணீர் வைக்க வைக்க, அப்போதைக்குச் சுகமாக இருக்கும், படுக்கும்போது பார்த்தால் வீக்கம் கூடியிருக்கும். கடைசியில் ரத்தநாள மருத்துவரிடம் போனபோதுதான் சொன்னார், நரம்புச் சுருட்டு உள்ளவர்களுக்கு வெந்நீர் ரத்தக்குழாயை இன்னும் விரித்துவிடும், காலில் தேங்குகிற ரத்தம் இன்னும் தேங்கும், சாதாரணத் தண்ணீரோ கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரோதான் உங்களுக்கு என்று. சுவரோரம் படுத்துக் காலை இதயத்துக்கு மேலே வருகிற மாதிரி தூக்கிச் சாய்த்து பதினைந்து நிமிடம். வீக்கத்துக்கு எனக்கு எந்த இலையும் செய்யாததை அந்தப் பதினைந்து நிமிடம் செய்தது. பகலில் இறுக்கமான காலுறை ஒன்று அளவெடுத்துக் கொடுத்தார்கள், காலையில் வீக்கம் ஏறும் முன் போட்டுவிட வேண்டும்.

நீங்கள் சொன்ன கொலுசுத் தடம் வீக்கத்தின் அடையாளம். அதனால் வந்த உடனே வெந்நீரில் இறங்காமல், முதலில் காலைத் தூக்கி வைத்து வீக்கம் வடிந்த பிறகு வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பாருங்கள்.


இரவுப்பணி:

பொருநைக்கரை, உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நான் அரசு மருத்துவமனையில் செவிலியர், பதினாறு வருடத்தில் பெரும்பகுதி அறுவைச் சிகிச்சை வார்டில், சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டே கழிந்தது. தயவுசெய்து அம்மாவின் காலை வெந்நீரில் வைக்காதீர்கள். நொச்சி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

"சூடே இல்லை" என்று அம்மா சொன்னது தண்ணீரைப் பற்றியது அல்ல. உங்கள் விரல் தாங்காத சூடு அவர்கள் காலுக்குத் தெரியவில்லை. பல வருடச் சர்க்கரையில் காலுக்குப் போகும் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துவிடுகின்றன, முதலில் விரல் நுனி, பிறகு பாதம். பஞ்சில் நடக்கிற மாதிரி இருப்பதும் அதுதான். சூடு தெரிந்தால் நாம் காலை இழுத்துக்கொள்வோம், தெரியாதவர்கள் வைத்தபடியே பேசிக்கொண்டிருப்பார்கள். 60 டிகிரி தண்ணீர் தோலைச் சில நொடியில் வேகவைத்துவிடும், 50 டிகிரிக்குச் சில நிமிடம் போதும். கொப்புளம் மறுநாள்தான் தெரியும். சாதாரணமாக ஒரு வாரத்தில் ஆறுகிற கொப்புளம் இவர்களுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். "வலிக்கவே இல்லையே சிஸ்டர், அதனால்தான் சும்மா விட்டுட்டேன்" என்று சொல்லி வந்தவர்களுக்கு விரலை எடுக்க வேண்டி வந்து, பிறகு கட்டுப் பிரித்துக் கட்டியவள் நான்.

வேலியோரம் அம்மா, உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நீங்கள் சொன்ன நொச்சிப் பக்குவம் அருமை, நானே குறித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் செங்கல் எருக்கிலை ஒத்தடம் சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் கூடவே கூடாது அம்மா. செங்கல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அந்தக் காலால் சொல்ல முடியாது. செத்த நரம்புக்குச் சூட்டால் உணர்ச்சி திரும்பவும் திரும்பாது. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும், கை மறந்து கண்ணைத் தொட்டால் கண்ணுக்கே ஆபத்து. உணர்ச்சி நன்றாக உள்ளவர்கள் செய்தாலும் பால் வடியாத பழுப்பிலையாகப் பார்த்து, கையைக் கழுவிவிட வேண்டும்.

வீட்டிலேயே அம்மாவுக்கு ஒரு சோதனை செய்யுங்கள். கட்டிலில் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர்கள் கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒரு நொடி அல்லது இரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தொடுகிறேன் என்று சொல்லவும் கூடாது. தெரிந்தால் வலது, இடது என்று அவர்களே சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். அங்கே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை வைத்துப் பார்ப்பார்கள், இரண்டே நிமிட வேலை, வலிக்காது.

அதோடு இன்றைக்கே விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். தினமும் பார்க்க வேண்டும். அவர்களே பார்ப்பதென்றால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து மேலே காலை நீட்டினால் போதும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், அதையும் நீங்கள் முழங்கையால் பார்த்துக் கொடுங்கள், கழுவினதும் துடைத்துவிடுங்கள், ஊறப்போட வேண்டாம். ஊறின தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வழியாகத்தான் கிருமி போகும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் பகுதிக்கும் ஆள் வருவார்கள், சர்க்கரை மாத்திரை வாங்கும்போது காலைப் பற்றியும் கேளுங்கள்.

இப்போது உங்கள் கால். தண்ணீர் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் மேலே, 38 முதல் 40 டிகிரி இருந்தால் போதும். அளக்க வெப்பமானி இல்லாவிட்டால் முழங்கையை விட்டுப் பாருங்கள், குழந்தையைக் குளிப்பாட்டும் பதம். பதினைந்து நிமிடம், அதிகம் போனால் இருபது. உங்களுக்குச் சுகம் தருவதில் பெரும்பங்கு அந்த வெதுவெதுப்புக்குத்தான், இறுகின தசை தளர்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது. நொச்சியின் வாசனையும் இதமும் அதற்கு மேலே கிடைக்கும் துணை. எப்சம் சால்ட்டில் உள்ள மக்னீசியம் தோல் வழியாகப் போய்த் தசை வலியைப் போக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, அதனால் விலை கொடுத்து வாங்காதீர்கள், இந்துப்பும் அதே கதைதான். எந்த உப்பானாலும் தோலை வறட்டும், பாக்கெட் உப்பில் உங்களுக்கு நடந்ததும் அதுதான். கல்லுப்பு இரண்டு தேக்கரண்டி, அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மற்ற நாள் வெறும் இலைத் தண்ணீர். கொப்புளம், வெட்டுக்காயம் இருக்கும் நாளில் எதுவும் வேண்டாம்.

காலை முதல் அடியில் குத்துவது உள்ளங்காலை இழுத்துப் பிடித்திருக்கும் பட்டையான சவ்வு புண்ணாவதால் வருவது, நின்று வேலை பார்ப்பவர்களுக்கு அடிக்கடி வரும். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே ஒரு துண்டைப் பாத முனையில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்து முப்பது நொடி பிடியுங்கள், மூன்று தடவை. இரவில் தண்ணீர் பாட்டிலை ஐஸாக உறைய வைத்து ஒரு துணி சுற்றி உள்ளங்காலுக்கு அடியில் ஐந்து பத்து நிமிடம் உருட்டுங்கள். வெந்நீரால் இந்த வலி தீராது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் சிவப்பும் இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு சில மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கும், அவர்களும் வெந்நீரை நம்பாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.


மூன்றாம் மாடி:

நானும் ஜவுளிக்கடைதான், ஒன்பது வருடம், சென்னையில். எல்லோரும் இரவு வந்து செய்வதைச் சொல்லிவிட்டார்கள், நான் பகலைப் பற்றிச் சொல்கிறேன். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது, அதில் 2021-இல் தமிழ்நாடு அரசு 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் உட்கார இடம் போட்டுத் தர வேண்டும், வேலைக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. கேரளத்தில் பெண்கள் போராடி 2018-லேயே இது சட்டமானது. சட்டம் வந்த பிறகு நான் இருந்த கடையில் ஸ்டூல் போட்டார்கள், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் யாருமே உட்காரவில்லை. ஆறு மாதம் அது தூசி படிந்து கிடந்தது. நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரே நாளில் மேலாளரிடம் போய்ப் பேசின பிறகுதான் மாறி மாறி உட்கார விட்டார்கள். தனியாகப் போய்க் கேட்காதே அக்கா, தனியாகக் கேட்டால் அது குறை சொல்வதாக ஆகிவிடும், சேர்ந்து கேட்டால்தான் காதில் விழும்.

அதுவரைக்கும், புடவை மடிக்கிற நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, ஒரு தடவைக்கு இருபது. கெண்டைக்கால் அசைந்தால்தான் கீழே இறங்கின ரத்தம் மேலே ஏறும். ஒரு காலை மாற்றி மாற்றிச் சின்னப் பலகை மேல் வைத்துக்கொள். நிற்கிற இடத்தில் கிரானைட் மேல் புடவை வருகிற அட்டைப்பெட்டியை நாலாக மடித்துப் போட்டால்கூடக் குளிர் ஏறாது, வாடிக்கையாளர் கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தாதே, கழிவறைக்கு விட மாட்டார்கள் என்று குடிக்காமலே இருந்து இருந்து எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்ததுதான் மிச்சம்.


பொருநைக்கரை:

நாலு நாளாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்க வேண்டும். இரவுப்பணி அக்காவின் பதிலைக் கடையில் சாப்பாட்டு நேரத்தில்தான் படித்தேன், அப்புறம் அன்றைக்கு என்ன வேலை பார்த்தேன் என்றே தெரியவில்லை. இரவு வந்ததும் அம்மாவைக் கண் மூடச் சொல்லி விரலைத் தொட்டேன். வலது பெருவிரலைத் தொட்டபோது வலது என்றாள். அதற்கப்புறம் நான் தொடத் தொட அவள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள். நான் அதற்குள் ஐந்து விரலைத் தொட்டு முடித்திருந்தேன்.

கைபேசி விளக்கைப் போட்டு உள்ளங்காலைப் பார்த்தேன். இடது சுண்டுவிரலுக்குக் கீழே அரிசி அளவுக்கு ஒரு புண், சுற்றிலும் தோல் தடித்து மஞ்சளாக. எப்போது வந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்த நைலான் இழை வைத்துப் பார்த்தார்கள், தடித்த தோலைச் சீவிக் கட்டுப் போட்டார்கள், எலும்பு வரை போகவில்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். எம்.சி.ஆர். என்று சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்குள்ளும் அதுதான். வாரம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் நான் அந்தப் பேசினில் அவள் காலை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

என் காலுக்கு: முதலில் சுவரோரம் காலைத் தூக்கிப் படுக்கிறேன், பிறகு நொச்சித் தண்ணீர். நரம்புச் சுருட்டு இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். காலைத் துண்டுப் பயிற்சியில் குதிகால் குத்தல் பாதியாகிவிட்டது. நான் காலை ஊற வைக்கும்போது அம்மா பக்கத்தில் ஸ்டூலில் காலை நீட்டிக்கொள்வாள், நான் என் காலைத் துடைத்துவிட்டு அவள் குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, விரல் விரலாகப் பார்த்துவிடுகிறேன். தண்ணீரில் வைக்க விடவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அந்த இலை வாசனை அவளுக்கும் பிடித்திருக்கிறது.

கடையில் எங்கள் பிரிவில் ஏழு பேர் பேசி வைத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை மேலாளரைப் பார்க்கிறோம். பிரிவு 22-அ என்பதைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போகிறேன்.

வேலியோரம் அம்மாவுக்கு ஒரு கேள்வி: வாய்க்கால் கரையைச் சுத்தம் பண்ணப் போகிறார்களாம், நொச்சியையும் வெட்டிவிடுவார்கள் போல. இலையைக் காய வைத்து வைத்துக்கொண்டால் வேலை செய்யுமா?


வேலியோரம்:

செவிலியர் பிள்ளை சொன்னது சரிதான். எருக்கிலையைப் பற்றி நான் சர்க்கரைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாது, இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் கால் விரல் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன், எதனால் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இலையை வெயிலில் போடாதே மகளே, நிழலில் துணி விரித்து மூன்று நாலு நாள் உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை, ஒரு தடவைக்கு ஒரு பிடி போதும். ஆனால் காய்ந்ததில் வாசனை பாதிதான் நிற்கும். அதைவிட, வெட்டுவதற்கு முன்னாடி போய்ப் பெருவிரல் கனத்தில் முற்றின கொம்பாக ஒரு முழ நீளத்துக்கு நாலைந்து போத்து நறுக்கிக்கொள். கணு மேல்பக்கம் பார்த்திருக்கும்படி, பாதி மண்ணுக்குள் போகும்படி நட்டு வை. நிலம் இல்லாவிட்டால் பெயிண்ட் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு நடு. ஆடிக் காற்றில் காயாமல் இரண்டு வேளையும் தண்ணீர் காட்டினால் இருபது நாளில் துளிர் விடும், தீபாவளிக் கூட்டத்துக்குள் உனக்கு உருவ இலை இருக்கும்.